மாடு வளர்ப்போர் சங்கம்: ஏழு பேர் போதுமா?

மலேசியாவில் ஒரு சங்கம் அமைக்க ஏழு பேர் போதும். 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஏழு பேரைச் சேர்ப்பது லேசு. பேரு வைப்பது அதைவிட லேசு. மூன்றாம் வருஷம் அதே ஏழு பேரை ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் கஷ்டம். நம் இளைஞர் வகுப்பில் சங்கம் நடத்துவதைப் பற்றிப் பேசினாலே கோயில் நிர்வாகம், இளைஞர் மன்றம், முன்னாள் மாணவர் சங்கம் என்றுதான் உதாரணம் வரும். இந்த முறை கொஞ்சம் மாற்றி, மாடு வளர்ப்பவர்களின் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். இதில் ஒரு வசதி இருக்கு. கோயில் சங்கத்தில் குளறுபடி நடந்தால் வெளியே தெரிய பத்து வருஷம் ஆகலாம். மாட்டுச் சங்கத்தில் ஒரே மழைக்காலத்தில் தெரிந்துவிடும்.

கிள்ளானைச் சுற்றிக் காப்பார், மேரு பக்கமெல்லாம் இன்னும் கறவை மாடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. தோட்டத்துக் காலத்துப் பழக்கம். சஞ்சி காலத்தில் நம்மவர்களோடு கப்பலில் வந்த இந்திய மாடுகளின் வழிவந்தவற்றை ‘லோக்கல் இண்டியன் டைரி’ என்று தனி வகையாகவே நம் நாட்டுக் கால்நடை நூல்களில் எழுதுகிறார்கள். தோட்டம் தாமானாகிவிட்டது, லயம் இடிந்துவிட்டது, மாடு மட்டும் இருக்கிறது. தைப்பூசப் பால்குடத்துக்குப் பெட்டிப் பால் வந்துவிட்டாலும், கறந்த பால்தான் வேண்டும் என்று தேடுகிறவர்கள் பிரிக்பீல்ட்சிலும் இருக்கிறார்கள், கிள்ளானிலும் இருக்கிறார்கள்.

என் பெரியப்பா அந்த மாட்டுக்காரர்களில் ஒருவர். அவரும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும், மொத்தம் பதினான்கு வீடு, செம்பனைக் காட்டுக்குள் மாடு மேய்க்க அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். மலாயில் கடிதம் எழுதிக் கொடுத்தவன் என்பதால் நானும் கூடப் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மூன்றே கேள்வி. மொத்தம் எத்தனை மாடு? கோமாரி ஊசி கடைசியாக எப்போது போட்டது? ஒரு மாடு ரோட்டில் நின்றால் அது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரியப்பா தொண்ணூறு என்றார். பக்கத்தில் இருந்தவர் நூற்று முப்பது என்றார். மற்ற இரண்டு கேள்விக்கும் பதிலே இல்லை. கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும், “தம்பி, சங்கமா இருந்தா மதிப்பானுங்கலா” என்றார் ஒருவர். பாதி உண்மை. சங்கமாக இருந்திருந்தாலும் அந்த மூன்று கேள்விக்குப் பதில் இருந்திருக்காது. பதில் வேண்டுமானால் கூட்டம் போட்டால் போதாது, யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். இதை மாட்டுக்காரர்களிலேயே ரொம்ப நன்றாகப் புரிந்துகொண்டவர்கள், நான் தேடிப் படித்தவரையில், வட அமெரிக்காவில் பைசனும் எல்க்கும் வளர்ப்பவர்கள்.

பைசன் என்பது அமெரிக்கப் புல்வெளியின் காட்டெருது. தமிழ்நாட்டுக் காடுகளில் ‘இந்தியன் பைசன்’ என்று சொல்வது வேறு விலங்கு. அது நம் ஊர் செலாடாங்கின் இனம். எல்க் என்பது குதிரை அளவுக்கு வளரும் மான். இரண்டையும் பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கிறார்கள். நம்மில் பலருக்கு அது உவப்பில்லாத விஷயம்தான். இங்கே நமக்கு வேண்டியது அவர்கள் சங்கம் நடத்தும் விதம்.

பைசன் ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் திரிந்தது. சுட்டுத் தள்ளியதில், 1889-இல் வில்லியம் ஹார்னடே என்பவர் கணக்கெடுத்தபோது ஆயிரத்துச் சொச்சம்தான் மிச்சம். அந்த எண்ணிக்கை வெளியே வந்த பிறகுதான் நாட்டுக்கே உறைத்தது. அதற்கு முன்பே டெக்சசில் சார்லஸ் குட்நைட்டும் அவர் மனைவி மேரியும், இன்னும் சில பண்ணைக்காரர்களும் சில கன்றுகளைப் பிடித்து வளர்த்துவந்தார்கள். 1905-இல் அமெரிக்கப் பைசன் சங்கம் தொடங்கியது. ஹார்னடேதான் தலைவர். 1907-இல் நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையிலிருந்து 15 பைசனை ரயிலில் ஏற்றி ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். பதினைந்து! நம்ம பெரியப்பா கூட்டத்தில் இரண்டு வீட்டு மாடு.

இன்று அங்கே லட்சக்கணக்கில் பைசன் இருக்கிறது. பெரும்பகுதி தனியார் பண்ணைகளில். பண்ணைக்காரர்களுக்கு இரண்டு தேசியச் சங்கங்கள் இருந்தன. 1995-இல் இரண்டும் சேர்ந்து ஒரே சங்கமாயின. இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படித்தேன். நம்ம ஊரில் ஒரு சங்கம் இரண்டானதைப் பார்த்திருக்கிறோம், இரண்டு நான்கானதையும் பார்த்திருக்கிறோம். இந்தக் கணக்கு நமக்குப் பழக்கமே இல்லை.

இவர்களுக்கு இருக்கும் ஒரு தனிச் சிக்கல், பைசனும் எல்க்கும் அரசாங்கத்தின் எந்த அலமாரியிலும் ஒழுங்காக அடங்காது. அமெரிக்காவில் மாட்டு இறைச்சியை அரசுச் செலவில் சோதிப்பது கட்டாயம். பைசனும் எல்க்கும் அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் அந்தச் சோதனை வேண்டுமென்றால் உரியவரே மணிக்கணக்குக்குக் காசு கட்டவேண்டும். தனி ஆள் இதைப் போய்க் கேட்டால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். நம் நாட்டிலும் மாடு, ஆடு என்றால் கால்நடைச் சேவைத் துறை. காட்டு மான், செலாடாங் என்றால் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பெர்ஹிலித்தான். மாடு ரோட்டுக்கு வந்துவிட்டால் நகராண்மைக் கழகம். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்த ஒருவர் சின்னச் சங்கத்துக்குக் கட்டாயம் வேண்டும்.

எல்க் வளர்ப்பவர்கள் கதை இன்னும் கடுமையானது. மான்களுக்கு வரும் ஒரு மெலிவு நோய் இருக்கிறது. உடல் இளைத்து, எச்சில் ஒழுகி, தள்ளாடிச் சாகும். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. 1967-இல் கொலராடோவில் முதன்முதலாகக் கவனித்தார்கள். 1996-இல் கனடாவின் சஸ்காட்செவான் மாநிலத்தில் ஒரு எல்க் பண்ணையில் கண்டுபிடித்தார்கள். எல்க்கின் இளங்கொம்புக்குப் பெரிய சந்தை கொரியா, அங்கே அது பாரம்பரிய மருந்து. 2000 முடிவில் கொரியா வட அமெரிக்கக் கொம்பை வேண்டாம் என்று நிறுத்தியது. அடுத்த வருஷமே கனடாவிலிருந்து முன்பு கொரியாவுக்கு வாங்கிப்போன எல்க்கிலேயே நோய் தெரிந்தது. நோயே இல்லாத பண்ணைக்காரனின் பிழைப்பும் ஒரே இரவில் போனது. ‘என் மந்தை சுத்தம்’ என்று சொல்ல எல்லாருக்கும் வாய் இருந்தது. காட்டத் தாள் எத்தனை பேரிடம் இருந்தது?

பிறகு அமெரிக்காவில் மத்திய அரசு 2012-இல் கொண்டுவந்த சான்றிதழ் முறையைப் பாருங்கள். ஒவ்வொரு விலங்குக்கும் இரண்டு அடையாளம். 12 மாதம் தாண்டிய எது செத்தாலும் சோதனைக்கு அனுப்பவேண்டும். இப்படி 5 வருஷம் ஒழுங்காக ஓட்டினால்தான் சான்றிதழ். செத்த மானைக் கணக்கில் விட்டுவிட்டால் வருஷங்கள் வீணாகலாம்.

ஏன் இரண்டு அடையாளம்? நான் படிப்பது பொறியியல். தரவுத்தள வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள்: ஒன்றை அடையாளம் காட்ட, மாறக்கூடிய எதையும் பயன்படுத்தாதே. காது வில்லை முள்கம்பியில் உரசி அறுந்துவிடும். நிறத்தை எழுதலாம் என்பீர்கள். காங்கேயம் மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கன்று பிறக்கும்போது செவலை. ஆறு மாதம் போனால் சாம்பல் நிறம். காளை வளர வளர திமிலும் தோளும் கறுக்கும். நிறத்தை நம்பிப் பதிவேடு எழுதினால் ஒரே மாடு மூன்று மாடாகிவிடும்!

இதற்கு விடை நம் பெரியவர்களிடமே இருக்கிறது. மாடு வாங்கும்போது சுழி பார்ப்பார்கள், இல்லையா? எந்தச் சுழி ராசி, எது தோஷம் என்பதை நான் இங்கே பேச வரவில்லை. ஆனால் முடிச்சுழி பிறந்த இடத்திலேயே கடைசிவரை இருக்கும். அடையாளத்துக்கு அது போதுமே. மூக்கின் மேல்தோலில் உள்ள கோடுகளும் அப்படித்தான், மனிதன் கைரேகை மாதிரி மாட்டுக்கு மாடு வேறு. கைப்பேசியில் நெற்றிச் சுழியையும் மூக்கையும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து, வில்லை எண்ணோடு சேர்த்து வைத்தால் இரண்டாவது அடையாளம் தயார். பைசா செலவில்லை. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, “இதத்தானேடா நாங்க அப்பவே பார்த்தோம்” என்றார். பார்த்தார்கள், எழுதவில்லை.

காங்கேயம் பேச்சு வந்ததால் இன்னொன்று. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறைகளாகப் பேணிய இனம் அது. குட்டப்பாளையத்தில் உள்ள சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி அறக்கட்டளை இப்போது அந்த இனத்தைக் காக்க வேலை செய்கிறது. சீமை மாட்டோடு கலந்து கலந்து நாட்டு இனம் குறைந்துபோன பிறகு, எந்தக் காளை எந்தப் பசுவோடு சேர்ந்தது என்ற தகவலுக்கே மதிப்பு வந்துவிட்டது. பைசன்காரர்களுக்கும் இதே தலைவலி. குட்நைட் காலத்தில் மாட்டோடு கலந்து பார்த்தார்கள். அந்த மாட்டு மரபணு இன்றும் பல மந்தைகளில் இருக்கிறது. இன்று அவர்கள் சங்கத்து நெறிமுறையில் வேண்டுமென்றே கலப்பது கூடாது என்று இருக்கிறது. எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே ஒரு விதி. அதுவே ஒரு சங்கத்துக்குப் பெரிய விஷயம்.

நம் பதினான்கு வீட்டுக்கு வருவோம். ஆளுக்கு ஒரு பக்கம். வில்லை எண், சுழி படம், தாய் எண், காளை யாருடையது, ஊசி தேதி, விற்றால் யாருக்கு, செத்தால் எதனால். கடைசிக் கட்டத்துக்குத்தான் எதிர்ப்பு வந்தது. செத்த மாட்டை எழுதினால் வீட்டுக்கு ஆகாது என்றார் ஒரு பாட்டி. அவர் மனசைப் புண்படுத்தாமல், கோடு போட்டுத் தேதி மட்டும் எழுதிக்கொள்கிறோம். ஆனால் எழுதாமல் விடுவதில்லை. 2021-இல் தோல் கழலை நோய் நம் நாட்டுக்குள் வந்தபோது எந்த வீட்டில் முதலில் வந்தது, எந்தச் சந்தையிலிருந்து வந்தது என்பதையெல்லாம் நினைவில் இருந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் மாட்டை ஏற்றவும் கால்நடைச் சேவைத் துறையின் அனுமதித் தாள் வேண்டும். பதிவேடு இருந்தால் அந்த மனுவை நிரப்ப அரை மணி நேரம் போதும்.

காசு விஷயம் சுருக்கமாக. சந்தா மட்டும் வாங்கும் சங்கம் சீக்கிரம் களைத்துவிடும், ஏதாவது கையில் கிடைக்க வேண்டும். தீவனத்தைச் சேர்ந்து வாங்குவது நல்ல தொடக்கம். செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு நம் ஊரில் தாராளம், புரதம் 16 விழுக்காடு அளவில் இருக்கும். லாரிக் கணக்கில் எடுத்தால் மூட்டை விலை இறங்கும். (செம்மறி ஆடு வைத்திருப்பவர்கள் கவனம், அதில் உள்ள செம்பு செம்மறிக்கு நஞ்சாகும்.) ஒரு விதி மட்டும் வளையக்கூடாது: லாரி வருவதற்கு முன்னே பணம் பொருளாளர் கையில். மாமன் மச்சானுக்கும் கடன் இல்லை. துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோட்டத்து மக்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான் கட்டினார். தோட்டமே வாங்கின சங்கத்தின் முதல் பலம் அந்தப் பத்து வெள்ளிக்குக் கொடுத்த ரசீது என்பது என் எண்ணம்.

சட்டத்துக்குக் கட்டுப்பட்ட வேலை அதிகமில்லை. வருஷம் ஒரு பொதுக்கூட்டம். அது முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை, கணக்கு, செயலவைப் பெயர்கள் எல்லாம் சங்கப் பதிவிலாகாவுக்கு. இப்போது இணையத்திலேயே அனுப்பலாம். பல பெரியவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள், சங்கம் ரத்தாவதும் பெரும்பாலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். இளைஞர்களுக்கு இங்கே வேலை இருக்கு. தலைவர் பதவி வேண்டாம், அதற்கு ஆள் நிறைய. துணைச் செயலாளராகப் போங்கள்.

ஒன்று மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள். நான் இன்னும் மூன்று செமஸ்டரில் படிப்பை முடித்துவிடுவேன். வேலை பினாங்கிலோ சிங்கப்பூரிலோ கிடைக்கலாம். அதனால் பதிவேடு என் மடிக்கணினியில் மட்டும் இருக்கக்கூடாது. தடித்த அட்டை நோட்டில் ஒரு பிரதி பொருளாளர் வீட்டில், ஒரு பிரதி பெரியப்பா வீட்டில். மாதம் முதல் ஞாயிறு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்கிறோம். போன மாதக் கணக்கு: மாடு 112, அதில் கன்று 19, வில்லை அறுந்தது 6. ஆறையும் சுழி பார்த்துக் கண்டுபிடித்தாச்சு.