வள்ளத்தின் என்ஜினுக்கு ஒரு கடிவாளம்

எனது கடைக்கு என்ஜின் உதிரிப்பாகம் வாங்க வருபவர்கள் பிளக் கேட்பார்கள், இம்பெல்லர் கேட்பார்கள். அவசர நிறுத்து சுவிட்ச் கேட்பவர்கள் மிகச் சிலரே. வள்ளம் வாங்கி ஆள் வைத்துத் தொழில் செய்யும் எமது வியாபாரிகளுக்கு மற்றப் பாகங்களை விட இதுவே முக்கியமானது என்பது எனது கருத்து. மற்றவை பழுதானால் நட்டம் பணத்தோடு போகும். இது இல்லாவிட்டால் ஓர் ஆளே போகலாம்.

8, 15, 25 குதிரைவலு கொண்ட சிறிய என்ஜின்களைக் கைப்பிடியால் திருப்பித்தான் ஓட்டுகிறோம். அலை தூக்கிப்போட்டு ஓட்டுபவர் கடலில் விழுந்தால் என்ஜின் தானாக நிற்காது. பிடிக்க ஆளில்லாத என்ஜின் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். வள்ளம் வட்டமடித்து விழுந்தவரிடமே வரக்கூடும். என்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடினால், கியர் அதைப் பாதியாகக் குறைத்தாலும் புரொப்பெல்லர் செக்கனுக்கு 40 தடவைக்கு மேல் சுழலும். மூன்று இதழ் என்றால் செக்கனுக்கு 120 வெட்டு. வள்ளம் நேரே போய்விட்டாலோ, தனியே போனவர் அதை நீந்திப் பிடிக்க முடியாது.

வேலை செய்யும் விதம்

பழைய இரண்டு ஸ்ட்ரோக் சிறிய என்ஜின்களில் தீப்பொறிக்குப் பற்றரி தேவையில்லை. பிளைவீலின் காந்தமும் அதன் கீழுள்ள கொயிலும் அந்த மின்சாரத்தைத் தருகின்றன. ஸ்டொப் பட்டனை அழுத்தியதும் அது பிளக்குக்குப் போகாமல் என்ஜின் உடலுக்கு, அதாவது எர்த்துக்கு, இறங்கிவிடும். என்ஜின் நிற்கும். கயிற்றுச் சுவிட்ச் செய்வதும் இதே வேலைதான். கிளிப் மாட்டியிருக்கும் வரை தொடர்பு விட்டிருக்கும். கயிறு இழுபட்டுக் கிளிப் கழன்றதும் இரண்டு வயர்களும் சேர்ந்துவிடும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

1. கிளிப் கழன்றதும் தொடர்பு சேரும் வகைச் சுவிட்சையே வாங்குங்கள். பற்றரியால் தீப்பொறி எடுக்கும் சில என்ஜின்களுக்கு இதற்கு நேர்மாறான வகை தேவை. கடையிலேயே மீற்றர் வைத்துப் பார்த்து, உப்புநீர் புகாததாகத் தெரிவு செய்யுங்கள்.

2. ஸ்டொப் பட்டனிலிருந்து வரும் இரண்டு வயர்களில், என்ஜின் உடலில் திருகியிருப்பது எர்த். மற்றையது ஸ்டொப் வயர். யமஹாவில் பொதுவாக வெள்ளை ஸ்டொப், கறுப்பு எர்த். வேறு கம்பனிகளுக்கு நிறம் மாறும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் வயரைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

3. பழைய பட்டனைக் கழற்ற வேண்டாம். புதிய சுவிட்சின் ஒரு வயரை ஸ்டொப் வயரோடும், மற்றதை எர்த்தோடும் சேர்த்து ஈயம் வைத்து, காற்றும் நீரும் புகாமல் மூடுங்கள். பிளைவீலில் உரசாதபடி வயரைக் கட்டுங்கள்.

4. எக்காரணம் கொண்டும் ஸ்டொப் வயருக்குப் பற்றரி மின்சாரம் கொடுக்கக் கூடாது. சீ.டீ.ஐ. பெட்டி எரிந்துவிடும்.

5. கயிறு நேராக இழுபடும் இடத்தில், எண்ணெய்க் குழாயில் சிக்காதபடி சுவிட்சைப் பொருத்துங்கள்.

தினமும் ஒரு சோதனை

இந்த முறையில் ஒரு குறை உண்டு. எங்காவது வயர் அறுந்தால் என்ஜின் வழமை போல ஓடும். சுவிட்ச் மட்டும் செத்திருக்கும். வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. ஆகவே தினமும் புறப்படும் முன் என்ஜினை மெதுவாக ஓடவிட்டுக் கிளிப்பை இழுங்கள். நிற்காவிட்டால் அன்று கடலுக்குப் போக வேண்டாம்.

வள்ளத்தில் மேலதிகக் கிளிப் ஒன்றும் இருக்க வேண்டும். விழுந்தவரோடு கிளிப்பும் போய்விடும். எஞ்சியிருப்பவர் என்ஜினை இயக்கி அவரை எடுக்க வேண்டுமல்லவா? அது எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

பொருத்தினால் போதாது

2013 மே 5ஆம் திகதி இங்கிலாந்தின் பட்ஸ்டோவுக்கு அருகே, வேகப் படகில் சென்ற குடும்பத்தினர் ஆறு பேரும் நீரில் வீசப்பட்டனர். படகு வட்டமடித்து அவர்கள் மீதே ஏறியது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தனர். அப்படகில் நிறுத்துக் கயிறு இருந்தது. ஓட்டியவரோடு அது மாட்டப்படவில்லை. அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல், சுவிட்ச் பொருத்திய 26 அடிக்குக் குறைந்த படகை வேகமாக ஓட்டுபவர் கயிற்றை மாட்டியிருப்பது கட்டாயம்.

"வலை இழுக்கும்போது கயிறு இடைஞ்சல்" என்று தொழிலாளர் சொல்லக்கூடும். நியாயமான பேச்சுத்தான். வலை இழுக்கும் நேரம் என்ஜினை நிறுத்திவிட்டுக் கழற்றட்டும்; மீண்டும் இயக்கும் முன் மாட்டட்டும். சுருள் கயிறாக வாங்கித் தொடையிலோ உயிர்காப்பு அங்கியிலோ மாட்டினால் கை அசைவுக்கெல்லாம் என்ஜின் நிற்காது.

முதலாளிமாரே, இதை ஓர் ஆலோசனையாகச் சொல்லாமல் வேலை நிபந்தனையாகவே வையுங்கள். கயிறு மாட்டாதவருக்கு வள்ளம் கொடுப்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நீங்கள் வள்ளத்தில் ஏறும் நாளில் முதலில் மாட்டுபவர் நீங்களாகவே இருங்கள்.