சுவரில் விரிசலா? எழுதிக் கொடுங்கள்!



குழுவில் பத்து ரூபாய் கட்டினாலும் "பாஸ்புக்குல ஏத்துங்க, கையெழுத்துப் போடுங்க" என்று கேட்டு வாங்குகிறோம். ஆனால் பிள்ளைகளோடு படுத்துத் தூங்கும் லைன் வீட்டின் சுவர் வெடித்தால்? கொழுந்து எடை போடும் இடத்தில் மேஸ்திரியிடம் "அண்ணே, பின்சுவரு வெடிச்சுப் போச்சு" என்கிறோம். அவரும் "சொல்லிடுறேம்மா" என்கிறார். அத்தோடு சரி. அடுத்த மழைக்கு மறுபடியும் சொல்கிறோம்.

2019 டிசம்பர் 2 அதிகாலை, நம் மலைக்குக் கீழே மேட்டுப்பாளையம் நடூரில் உயரமான சுற்றுச்சுவர் ஒன்று மழையில் இடிந்து வீடுகள் மேல் விழுந்தது. தூங்கிக் கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவர் ஆபத்தானது என்று முன்பே முறையிட்டிருந்ததாக அங்குள்ள மக்கள் சொன்னார்கள். நம் மாவட்டத்தில் 2009 நவம்பர் மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் நினைவிருக்கும்.

தோட்ட வீடு நிர்வாகம் போடும் பிச்சை இல்லை. வீடு கொடுப்பதும் பராமரிப்பதும் நிர்வாகத்தின் கடமை என்று 1951-ஆம் வருட தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால், காயப்பட்டால் இழப்பீடு தர வேண்டும் என்று 1981 திருத்தம் சேர்த்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. அவற்றிலும் தோட்ட வீடும் இந்த இழப்பீடும் இருக்கின்றன.

ஒரு இடத்தை மட்டும் நன்றாகக் கவனிக்கணும். இடிந்ததற்கு முழுக் காரணம் குடியிருப்பவரின் தவறோ இயற்கைச் சீற்றமோ என்றால் இழப்பீடு கிடையாது. "மழை பேஞ்சுது, இடிஞ்சுது, நாங்க என்ன பண்றது?" என்று நிர்வாகம் சொல்லலாம். விரிசல் மழைக்கு முன்பே இருந்தது, நிர்வாகத்துக்கும் தெரியும் என்று காட்ட உங்கள் கையில் ஒரு தாள் வேண்டாமா? (கேட்காமல் சுவரை உடைத்து அடுப்படி சேர்ப்பதையும் விட்டுவிடுங்கள். பழி நம் மேல்தான் வரும்.)

"வீடு சரியில்லை" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. இப்படி எழுதலாம்:

"மேலாளர் அவர்களுக்கு, ஐயா, ... லைன், ... எண் வீட்டின் பின்சுவரில் தரையிலிருந்து கூரை வரை விரிசல் உள்ளது. விரல் நுழைகிறது. இரண்டு மாதமாகப் பெரிதாகி வருகிறது. வீட்டில் இரண்டு குழந்தைகளும் வயதான மாமியாரும் இருக்கிறார்கள். மழைக்கு முன் பார்வையிட்டுச் சரிசெய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

தேதி, கையெழுத்து கட்டாயம். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் ஆபீஸ் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை நகலோடு பின் பண்ணி வையுங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, செல்போனில் படம் எடுங்கள். விரிசல் கோட்டைத் தாண்டினால் வளர்கிறது என்று அர்த்தம்.

"எழுதிக் கொடுத்தா வேலைக்கு வம்பு வருமே" என்ற பயம் நியாயமானதுதான். அதனால் தனியாகப் போக வேண்டாம். ஒரு லைனில் ஒரு வீடு வெடித்தால் பக்கத்து வீடும் தப்பாது. எல்லா வீட்டாரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு, சங்கத் தலைவரையும் கூட்டிப் போங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் நகலோடு குன்னூர் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கோ, ஊட்டி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கோ போகலாம்.

டவுனில் வாடகைக்கு இருப்பவர்களும் இதே மாதிரி எழுதலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதாதவரை, சுவர், வயரிங் வேலை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாசர், சுவிட்ச் நம் பொறுப்பு.

கதவு திடீரென்று இறுகினால், தரை இறங்கினால், மேட்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் வந்தால் கடிதம் எழுதிக் கொண்டிருக்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறி 1077-க்குப் போன் செய்யுங்கள்.

கூடலூர், பந்தலூர் குழுக்கள் ஜூனுக்கு முன்பும், குன்னூர், கோத்தகிரி குழுக்கள் அக்டோபருக்கு முன்பும் ஒரு கூட்டத்தில் வீடு வீடாகக் கேட்டு, எந்த வீட்டில் என்ன பழுது என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாத உறுப்பினருக்கு ஊக்குநர் மனு எழுதிக் கொடுக்கட்டும்.