எட்டாம் கற்பனையும் பிள்ளைகளின் பாதுகாப்பும்



சிறு பிள்ளைகளைக் கெடுத்துத் தண்டனை பெற்றவர்களின் பெயர், படம், விலாசம் ஆகியவற்றை எவரும் பார்க்கும்படி வெளியிடும் வழக்கம் அமெரிக்க தேசத்தில் உண்டு. 1996-ம் ஆண்டுச் சட்டத்தால் அது நாடெங்கும் பரவியது. நம் தேசத்திலும் 2018 செப்டம்பர் 20-ந் தேதி உள்துறை அமைச்சகம் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளோடு இப்படி ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. ஆனால் அது போலீஸார் மட்டும் பார்ப்பதற்கு. பெற்றோருக்கோ, பள்ளிக்கோ, பங்குச் சாமியாருக்கோ அது திறக்காது.

இது ஒரு குறை என்று சிலர் சொல்லுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், கோயிலுக்குப் போகிற வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்கிறவள் என்று ஊரார் அடித்தே கொன்றார்கள். செல்போனில் வந்த வதந்தியே அவ்வளவு செய்ததென்றால், படத்தோடு கூடிய பட்டியல் என்ன செய்யாது!

மேலும், நாளைக்கு நம் பிள்ளையைத் தொடப்போகிறவன் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறியிராது. சிறுவர் சிறுமியரைப் பலாத்காரம் செய்த வழக்குகளில் 100-க்கு 95-க்கு மேல் குற்றவாளி அந்தப் பிள்ளைக்கு அறிமுகமானவனே என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் காட்டுகின்றன. மில் வேலைக்கு வந்த வடக்கத்திப் பையனைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறோம். சித்தப்பா, டியூஷன் வாத்தியார், வேன் டிரைவர் என்றால் கதவு திறந்தே கிடக்கிறது. குருப்பட்டம் பெற்றவர்களிலும் இப்பாதகம் செய்தவர்கள் உண்டு. அதை மறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை.

யாராவது வாய் திறந்தால்தான் ஒரு பெயர் பதிவேட்டில் ஏறும். பொள்ளாச்சியில் நடந்ததைப் பாருங்கள். சிநேகம் பேசி அழைத்துப்போய், படமெடுத்து மிரட்டிய அக்கூட்டத்தின் கொடுமை ஆண்டுக்கணக்கில் வெளியே வரவில்லை. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்த பிறகே வழக்கு எழுந்தது. அவள் யாரென்பதைப் போலீஸ் அதிகாரி ஒருவரே வெளியில் சொல்லிவிட்ட அநியாயமும் நடந்தது. அப்படியிருந்தும் பெண்கள் சாட்சி சொன்னார்கள். 2025 மே 13-ந் தேதி கோயமுத்தூர் மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது.

இங்கே நல்ல கிறீஸ்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வருகிறது. பிறருடைய மறைவான குற்றத்தை வெளிப்படுத்துவது எட்டாம் கற்பனைக்கு விரோதமல்லவா? போதிய காரணமின்றி வெளிப்படுத்துவது பாவந்தான். கிணற்றடியில் பேசுவதும், அன்பியக் கூட்டத்தில் கிசுகிசுப்பதும், வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் அந்தப் பாவத்தில் சேரும். ஆனால் குற்றமற்ற ஒரு பிள்ளையைக் காப்பாற்றும்படி, நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவரிடம் சொல்வது புறணி அல்ல, நீதி. சாதிசனம் என்ன சொல்லும், பெண்ணுக்கு நாளை வரன் வருமா என்று மூடி மறைக்கிறவர்கள், அவனுக்கு அடுத்த பிள்ளையையும் கையில் கொடுக்கிறார்கள்.

தேசத்தின் சட்டமும் இதையே கேட்கிறது. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இக்கொடுமை நடந்ததை அறிந்தவர் எவரானாலும் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கில்லை. வேண்டுமென்றே பொய்ப்புகார் கொடுத்தவருக்குத் தண்டனை உண்டு.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பிள்ளையை இழுத்துப்போக வேண்டுமே என்று தாய்மார் அஞ்ச வேண்டாம். பிள்ளையின் வீட்டிலேயே, கூடுமானவரை பெண் அதிகாரியே, காக்கிச் சட்டையின்றி வந்து விசாரிக்க வேண்டுமென்பது சட்டம். 1098 என்ற எண்ணுக்கு இரவிலும் போன் செய்யலாம். பிள்ளை சொல்ல வரும்போது, "நீ ஏன் அங்கே போனாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதோடு அதன் வாய் அடைத்துப்போகும்.

ஒரு காரியம் தெளிவாயிருக்கட்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதை எந்தக் குருவும் எவரிடமும் சொல்ல முடியாது. ஆகையால் இத்தகைய விஷயத்தை அங்கே மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், சாமியார் பங்களாவுக்கு வந்து சொல்லுங்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் கூட வருவேன்.

— பங்குக் குரு