நியூத்திரன் அளக்கும் வேலைக்குக் கோணேசபுரியிலிருந்து

கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் 2022 டிசம்பர் 5 அன்று 192 லேசர் கற்றைகள் மிளகைவிடச் சிறிய எரிபொருள் உருண்டையொன்றை நெருக்கி, அதில் அணுக்கரு இணைவைப் பற்றவைத்தன. செலுத்திய லேசர் சக்தி 2.05 மெகாயூல், கிடைத்தது 3.15 மெகாயூல். அந்த 3.15ஐக் கணித்துச் சொன்னவர்கள், இணைவில் வெளிவரும் நியூத்திரன்களை அளப்பவர்கள். கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் பிரயோக பௌதிகவியலும் இலத்திரனியலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த வேலை எட்டாததல்ல. லேசர் இணைவு ஆய்வுகூடம் இலங்கையில் இல்லை. ஆனால் அதற்கு வேண்டிய கைப்பழக்கத்தை இங்கேயே தொடங்கலாம்.

முதலில் வேலையைப் பாருங்கள். இலக்கிலிருந்து ஏறத்தாழ 20 மீற்றர் தள்ளி, கதிர் பட்டால் ஒளிரும் படிகம். அதன் பின்னால் ஒளிப்பெருக்கிக் குழாய். கடைசியில் வேகமான அலைவுகாட்டி. காமாக் கதிர் 67 நனோசெக்கனில் வந்துவிடும். 14.1 மெகா இலத்திரன்வோல்ற்று நியூத்திரன் வர 390 நனோசெக்கன் ஆகும். வழியில் மோதிச் சக்தி இழந்தவை இன்னும் பிந்தும். துடிப்பின் அகலம் எரிபொருளின் வெப்பநிலையைச் சொல்லும். பிந்தியவற்றின் பங்கு, எரிபொருள் எவ்வளவு இறுகியது என்பதைச் சொல்லும். ஒரு மீற்றர் கேபிளே சமிக்ஞையை ஏறத்தாழ 5 நனோசெக்கன் தாமதிக்கும். கேபிளின் நீளத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதாதவர் இந்த வேலைக்குச் சரிவரமாட்டார்.

இன்னொரு முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஏறத்தாழ 12 மெகா இலத்திரன்வோல்ற்றுக்கு மேற்பட்ட நியூத்திரன் தாக்கினால் சிர்க்கோனியம்-90, சிர்க்கோனியம்-89 ஆக மாறும். அதன் அரை ஆயுள் 78 மணித்தியாலம். ஆறுதலாக எடுத்து, 909 கிலோ இலத்திரன்வோல்ற்றுக் காமாவை எண்ணலாம். லிவர்மோரில் அறையைச் சுற்றிப் பல இடங்களில் இந்த உலோகத் துண்டுகளை வைக்கிறார்கள். துண்டுக்குத் துண்டு எண்ணிக்கை வேறுபட்டால், உருண்டை சமமாக நெருக்கப்படவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

சிர்க்கோனியத்தின் தாது சிர்கோன். நம் மாவட்டத்துப் புல்மோட்டை மணலில் இல்மனைட்டோடும் ரூட்டைலோடும் அதுவும் கிடக்கிறது. அதே மணலின் மொனசைட்டில் தோரியம் உண்டு. தோரியத் தொடரின் 2614 கிலோ இலத்திரன்வோல்ற்றுக் கோடு காமா நிறமாலையில் தனித்து நிற்கும். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு இதைவிட நல்ல பொருளை நான் காணவில்லை. மணலை எடுக்குமுன் விரிவுரையாளரிடம் அனுமதி பற்றிக் கேளுங்கள்.

மணலும் கைக்கு வரவில்லையா? வானத்திலிருந்து மியூவோன்கள் சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் விழுகின்றன. ஒளிரும் பிளாத்திக்குத் துண்டொன்றை இரவு முழுக்க ஓடவிட்டு, துடிப்புகளைப் பைதானில் ஆராயுங்கள். எந்த எண்ணையும் வழு இல்லாமல் எழுதாதீர்கள். 400 எண்ணினால் வழு 20, அதாவது 5 வீதம். 10,000 எண்ணினால்தான் 1 வீதத்துக்கு வரலாம்.

பட்டத்துக்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் அணுவிஞ்ஞானத் துறையைப் பாருங்கள். 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் இலங்கை அணுசக்திச் சபையிலும் கதிர்வீச்சு அளவீடு தெரிந்தவருக்கு வேலை உண்டு. வெளிநாடென்றால் லிவர்மோருக்கு நேரே எழுதவேண்டாம். அது அணுவாயுத ஆய்வுகூடமும்கூட, வெளிநாட்டவருக்குக் கட்டுப்பாடு அதிகம். 60 கற்றைகள் கொண்ட ஒமேகா லேசரை நடத்தும் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கும், நியூத்திரன் நிறமாலைமானி செய்த மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துக்கும் எழுதுங்கள். கடிதத்தோடு உங்கள் மியூவோன் வரைபை, வழுக் கோடுகளோடு, இணைத்து அனுப்புங்கள்.