மஞ்சள் விளக்கும் வினையூக்கியும்

வேதியியல் பயிலும் மாணவி ஊருக்குப் போனால் அவளிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் சோப்பைப் பற்றியும் உரத்தைப் பற்றியுமே இருக்கும். சென்ற விடுமுறையில் என் தந்தையார் என்னிடம் கேட்டது வேறு. "ஏம்மா, நீ படிக்கிற படிப்புல இந்த வௌக்கப் பத்திப் போட்டிருக்கா?" என்று தம் காரின் முகப்புப் பலகையில் எரிந்துகொண்டிருந்த ஒரு மஞ்சள் விளக்கைக் காட்டினார். அதற்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

எங்கள் வீடு இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறையில் இருக்கிறது. ஏலத்தோட்ட வேலைக்காகப் போடியிலிருந்து மலையேறியவர் என் பாட்டனார். தந்தையார் சிறு மளிகைக் கடை வைத்திருக்கிறார். வாரம் இருமுறை போடிமெட்டு வழியாகப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் போடிநாயக்கனூர்ச் சந்தையில் காய்கறி வாங்கி, அவ்வளைவுகளையே மீண்டும் ஏறி வருவார். அதற்கு உதவுவது, சென்னையில் 2014-இல் பதிவாகிப் பின்னர் எங்கள் கைக்கு வந்த ஒரு பெட்ரோல் கார். கார் நின்றால் கடையும் நிற்கும்.

விளக்கு எரியத் தொடங்கியதும் அவர் ஒரு பட்டறைக்குச் சென்றார். அங்கே கருவியை மாட்டிப் பார்த்து, "கன்வர்ட்டர் போயிருச்சு அண்ணே" என்றார்களாம். வழிகள் இரண்டு கூறப்பட்டன. ஒன்று, புதிது வாங்கிப் பொருத்துவது; அதன் விலை கடையின் மூன்று மாத வருவாய்க்குக் குறையாது. மற்றொன்று, உள்ளேயிருக்கும் 'கல்லை'க் கம்பியால் இடித்து எடுத்துவிட்டு வெறுங்கூட்டை மீண்டும் மாட்டி, விளக்கு எரியாதபடி ஏதோ தந்திரம் செய்வது. இரண்டாவது வழிக்குத் தந்தையார் ஏறக்குறைய இசைந்துவிட்ட நிலையில்தான் நான் வீடு போய்ச் சேர்ந்தேன்.

அந்தக் 'கல்' யாது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். எஞ்சினில் பெட்ரோல் முழுமையாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியுமே மிஞ்ச வேண்டும். ஆனால் எரிதல் ஒருநாளும் முழுமையாவதில்லை. மணமற்ற நஞ்சாகிய கார்பன் மோனாக்சைடும், எரியாத ஹைட்ரோகார்பன்களும், கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கலந்து வெளிவருகின்றன. இவற்றை வெளியேறும் வழியிலேயே மாற்றுவதற்காகப் புகைக்குழாயில் ஒரு கலத்தை வைத்தார்கள். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 400 நுண்துளைகள். துளைச் சுவர்களின்மீது அலுமினாப் பூச்சு. அப்பூச்சில் அணுத்துகள்களாகப் பிளாட்டினம், பலேடியம், ரோடியம். முதலிரண்டும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் ஆக்சிஜனோடு சேர்க்கின்றன; ரோடியம் நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நைட்ரஜனை விடுவிக்கிறது. உலோகம் தான் செலவாவதில்லை. இதனையே நாம் வகுப்பில் வினையூக்கி என்று படிக்கிறோம்.

இக்கலத்தை அமைத்தவர்களுள் முன்னோடி, பிரான்சு நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த யூஜின் ஹூட்ரி. 1950-களிலேயே அவர் வழி கண்டுவிட்டார். ஆயினும் அக்காலப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. ஈயம் வினையூக்கியின்மேல் படிந்து அதைச் செயலறச் செய்துவிடும். ஈயமற்ற பெட்ரோல் வந்த பிறகே, 1975 முதல், அமெரிக்கக் கார்களில் இது பரவியது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களின் புதுப் பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது 2000-இல். பிளாட்டினத்தின் மேற்பரப்பில் கார்பன் மோனாக்சைடு எங்ஙனம் ஆக்சிஜனோடு கூடுகிறது என்பதைப் படிப்படியாக விளக்கிய ஜெர்மானியர் கெர்ஹார்டு எர்ட்டல் 2007-இல் நோபல் பரிசு பெற்றார். அப்பரிசின் ஒரு கூறு என் தந்தையாரின் காருக்கடியில் புழுதி படிந்து தொங்குகிறது என்று எண்ணும்போது எனக்குச் சிரிப்பும் பெருமிதமும் ஒருங்கே வந்தன.

நான்காவதாக ஒரு பொருளும் உள்ளே உண்டு. நம் ஆராய்ச்சிக்கு அதுவே முதன்மை. அது சீரியம் ஆக்சைடு. ஆக்சிஜன் மிகும்போது வாங்கி வைத்துக்கொண்டு, குறையும்போது கொடுக்கும் களஞ்சியம் அது. (சீரியம் நமக்கு அயலானதன்று. சவறாவிலும் மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலிலுள்ள மோனசைட்டில் அது இருக்கிறது; அம்மணலைப் பிரித்தெடுக்கும் ஆலை ஆலுவாவில் 1952-இல் தொடங்கப்பட்டது.)

இனி விளக்குக்கு வருவோம். வினையூக்கியின் செயலை நேரே அளக்கும் கருவி எதுவும் காரில் இல்லை. கலத்திற்கு முன்னே ஓர் ஆக்சிஜன் உணரி, பின்னே ஓர் உணரி, அவ்வளவே. எஞ்சினின் கணினி, 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற எடை விகிதத்தை நாடி, சற்று மிகுத்தும் சற்றுக் குறைத்தும் எரிபொருளை விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே முன் உணரியின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஊசலாடும். சீரியம் நன்றாக இருந்தால் இந்த ஊசலை விழுங்கிவிடும். பின் உணரி 0.6 அல்லது 0.7 வோல்ட்டில் ஏறக்குறைய அசையாது நிற்கும். பின் உணரியும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால், களஞ்சியம் வெறுமையாயிற்று என்று கணினி ஊகித்து 'பி 0420' என்ற குறியீட்டை எழுதி விளக்கை ஏற்றுகிறது.

ஊகித்து என்ற சொல்லைக் கவனியுங்கள். கணினி கண்டது இரண்டு உணரிகளின் ஒப்பீடு. வினையூக்கி கெட்டது என்பது அதிலிருந்து அது கொண்ட முடிவு. பின் உணரி ஆடுவதற்கு வேறு காரணம் இருந்தாலும் அதே விளக்குத்தான் எரியும். பட்டறையில் குறியீட்டைப் படித்தார்களே ஒழிய, ஒப்பீட்டைப் பார்க்கவில்லை.

பார்ப்பதற்கு எனக்குக் கருவி தந்தவள் என் அறைத்தோழி. அவள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்காரி. அவளுடைய அண்ணன் நாள்தோறும் வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூருக்குப் பழைய காரில் வேலைக்குச் செல்பவர். தீப்பெட்டி அளவுள்ள ஒரு ஸ்கேனரை எப்போதும் வைத்திருப்பவர். ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள துளையில் அதைச் செருகினால் உணரிகளின் அளவுகள் கைப்பேசியில் ஓடும். விலையும் அதிகமன்று, நம் பாடநூல் ஒன்றின் விலைக்குள் அடங்கும்.

முதலில் வேறு குறியீடுகள் உண்டா என்று பார்த்தேன். இது மிக முக்கியம். சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று காட்டும் 'பி 0300' வரிசைக் குறியீடு இருந்தால், எரியாத பெட்ரோல் கலத்திற்குள் போய் எரிந்து பீங்கானையே உருக்கிவிடும். அப்போது ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் சீர்செய்யாமல் புதுக் கலம் மாட்டினால் அதுவும் சில மாதங்களில் போகும். விளக்கு நின்று எரியாமல் கண்சிமிட்டினால் அதன் பொருள் இதுவே; வண்டியை உடனே ஓரங்கட்ட வேண்டும். எங்கள் விளக்கு நின்று எரிந்தது. வேறு குறியீடு இல்லை. எஞ்சின் ஆயிலும் குறையவில்லை. ஆயில் எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் வினையூக்கியை மூடிவிடும் என்பதால் அதையும் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்து நான் செய்தது ஒரு பிழை. தந்தையார் சந்தைக்குப் புறப்பட்டபோது உடன் அமர்ந்து, போடிமெட்டு இறக்கத்தில் அளவுகளைக் குறித்தேன். இரண்டு உணரிகளும் நெடுநேரம் பூச்சியத்திலேயே கிடந்தன. உணரிகளே செத்துவிட்டன என்று முடிவு கட்டிவிட்டேன். போடியில் தேநீர் குடிக்கும்போதுதான் காரணம் தோன்றிற்று. இறக்கத்தில் காலை எடுத்ததும் கணினி பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது; குழாய் வழியே போவது வெறுங்காற்று. ஆக்சிஜன் மிகுந்தால் உணரி பூச்சியம் காட்டுவது அதன் கடமையன்றோ! திரும்பும்போது செங்குத்தான ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்தால் இதற்கு நேர்மாறாக இரண்டும் உச்சத்தில் நின்றன. ஆகவே, மலைப்பாதைக்காரர்களாகிய நாம் இச்சோதனையை மலையில் செய்யக் கூடாது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, சமதரையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறும்வரை வினையூக்கி வேலையே தொடங்காது.

மறுநாள் கடைவாசலில் அவ்வாறே செய்தேன். எஞ்சின் மெல்ல ஓடும் நிலையில் பின் உணரி அடிக்கடி 0.1 வரை விழுந்து விழுந்து எழுந்தது. தந்தையாரை மிதிக்கச் சொல்லி நிமிடத்திற்கு 2,500 சுற்றில் நிறுத்தினேன். அப்போது பின் உணரி 0.6-ஐ ஒட்டி அமைதியாகிவிட்டது. மெல்ல விட்டால் ஆட்டம், விரைவாக்கினால் அமைதி. நான்கைந்து முறை திரும்பத் திரும்பச் செய்தேன், முடிவு மாறவில்லை.

களஞ்சியம் வெறுமையாகியிருந்தால், புகை மிகுதியாகவும் விரைவாகவும் பாயும்போது ஆட்டம் இன்னும் மோசமாக வேண்டும். இங்கே நேர்மாறு. அப்படியானால் பின் உணரி காணும் ஆக்சிஜன் எஞ்சினிலிருந்து வருவதன்று, வெளியிலிருந்து நுழைவது. புகை தொடர்ச்சியாக அல்லாமல் துடிப்புத் துடிப்பாக வெளியேறுகிறது. இரு துடிப்புகளுக்கு நடுவே குழாயில் அழுத்தம் தாழும். எங்கேனும் இணைப்பில் விரிசல் இருந்தால் அந்நேரத்தில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். புகை குறைவாக இருக்கும்போது இந்தக் காற்றின் பங்கு பெரிது. மிகுந்து பாயும்போது சிறிது.

விடியற்காலைக் குளிரில் எஞ்சினை முடுக்கிக் காது கொடுத்தேன். காருக்கடியிலிருந்து 'டிக் டிக்' என்று மெல்லிய ஒலி. சூடேறி உலோகம் விரிந்ததும் மறைந்துவிட்டது. உறுதி செய்யப் பஞ்சர்க் கடைக்குப் போனோம். எஞ்சின் முற்றும் ஆறியபின், சைலன்சர் வாயில் துணியைச் சுற்றிக் காற்றுக் குழாயைச் செருகி மெதுவாகக் காற்றடித்து, இணைப்புகளின்மேல் சோப்பு நீரைத் தடவினோம். கலத்திற்கும் பின் உணரிக்கும் இடையிலுள்ள இணைப்பில் குமிழிகள் புறப்பட்டன. அங்கே புகைக்கரியும் கறுப்பாகப் படிந்திருந்தது. பஞ்சர்க் கடைக்காரர், "டியூப்ல பாக்குற மாதிரியே இருக்கே பாப்பா!" என்றார். அதே தத்துவந்தான்.

கெட்டிருந்தது ஒரு கேஸ்கட்டும் துருவேறிய இரு போல்ட்டும். மாற்ற ஆன செலவு சில நூறு ரூபாய். பிறகு குறியீட்டை அழித்தோம். அழித்தவுடன் விளக்கு அணைவது எதற்கும் சான்றாகாது. கணினி தன் சோதனையை முழுவதும் மறுபடி நடத்தி முடிக்கப் பல பயணங்கள் தேவை. ஸ்கேனரில் அச்சோதனை முடிந்ததாகக் காட்டும் வரை காத்திருந்தோம். மூன்று சந்தைப் பயணங்களுக்குப் பின் அவ்வாறு காட்டிற்று, விளக்கு எரியவில்லை.

எல்லாருக்கும் கேஸ்கட்டோடு போய்விடும் என்று நான் சொல்லவில்லை. கசிவு இல்லாமலும், எரிதல் தவறாமலும், சூடான நிலையில் 2,500 சுற்றிலும் பின் உணரி முன்னதோடு ஒத்து ஆடினால் வினையூக்கி உண்மையிலேயே மாண்டுவிட்டது; வாங்கத்தான் வேண்டும். எங்கள் காரிலும் பின் உணரி இப்போது முழு அமைதியில் இல்லை; இலேசான நடுக்கம் தெரிகிறது. இத்தனை ஆண்டு உழைத்த பொருள்.

இடித்து எடுக்கும் யோசனையைப் பற்றித் தந்தையார் பிறகும் ஒருமுறை கேட்டார், "எடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று. எங்கள் கார் நிற்பது கடையை ஒட்டிய தகரக் கொட்டகையில். குளிர் நாள்களில் கதவைச் சாத்திக்கொண்டே எஞ்சினைச் சூடேற்றுவது அவர் வழக்கம். கலம் வேலை செய்யும் சூட்டை அடையும்வரை வருவது பச்சைப் புகைதான். கல்லை எடுத்துவிட்டால் எப்போதும் அதுவே. கார்பன் மோனாக்சைடு குருதியிலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேலான பற்றோடு பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேன். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் காரை வெளியே தள்ளி நிறுத்திய பிறகே சாவியைத் திருப்பினார்.