‘ஏதோ லக்குக்கா’ என்று சொல்கிற தங்கைக்கு

அப்ரைசல் சீசன் வந்தால் போதும், ஹைதராபாத்தின் மாதாப்பூர், கச்சிபௌலி பக்கத்து பி.ஜி. ஹாஸ்டல்களிலிருந்து எனக்கு வாட்ஸ்அப் மழை. “அக்கா, இந்த செல்ஃப் அப்ரைசல் ஃபார்ம்ல என்ன எழுதறது? நான் பெருசா ஒண்ணும் செய்யலையே!” கேட்பது யார் என்று பார்த்தால், காலேஜில் கோல்டு மெடல் வாங்கியவள், போன வருடம் டீமிலேயே நல்ல ரேட்டிங் எடுத்தவள். சுமாராக வேலை பார்க்கிற பையன்கள் அதே ஃபார்மை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே நிரப்பி அனுப்பிவிட்டுப் பிரியாணிக்குக் கிளம்பியிருப்பார்கள். நீ ராத்திரி பதினோரு மணிக்கு, “அந்த ப்ராஜெக்ட் ஏதோ லக்குல முடிஞ்சுதுக்கா” என்கிறாய்.

இது உனக்கு மட்டும் வந்தது இல்லை. அட்லாண்டாவில் இருக்கிற ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலின் கிளான்ஸ், சூசேன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். படிப்பிலும் வேலையிலும் சாதித்த 150-க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்து அவர்கள் கண்டது இதுதான்: பட்டம், பதவி, பாராட்டு எல்லாம் இருந்தும், ‘எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒருநாள் மாட்டிக்கொள்ளப் போகிறேன்’ என்ற பயம். இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று இன்று ஊரே சொல்வது இதைத்தான். பெயரைக் கேட்டுப் பயப்படாதே, மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இது கிடையாது.

இது எப்படிச் சுற்றுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். புது வேலை ஒன்று வருகிறது. உடனே வயிற்றைக் கலக்குகிறது. ஒன்று, ராத்திரி பகலாக உட்கார்ந்து தேவைக்கு மூன்று மடங்கு தயார் செய்கிறாய். இல்லையென்றால், தள்ளித் தள்ளிப் போட்டுக் கடைசி நாளில் அடித்துப் பிடித்து முடிக்கிறாய். வேலை நன்றாகவே முடிகிறது. முதல் வகையில் செய்திருந்தால், “இவ்வளவு உழைச்சாதான் எனக்கு வருது, மத்தவங்களுக்கு ஈசியா வருது” என்கிறாய். இரண்டாம் வகையில் செய்திருந்தால், “தப்பிச்சேன், லக்கு” என்கிறாய். எப்படிப் போனாலும் உன் கணக்கில் ஒரு பைசா வரவு ஏறுவதில்லை. ஆனால் ஒரு பிழை நடந்துவிட்டால் மட்டும் அது முழுக்க முழுக்க உன்னால்தான்! இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எத்தனை அவார்டு வாங்கினாலும் தைரியம் வராது. அதனால் ‘தன்னம்பிக்கை வரட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று காத்திருக்காதே. முதலில் கணக்கைச் சரியாக எழுது.

ஹைதராபாத் இந்தப் பயத்துக்கு நன்றாகத் தீனி போடும் ஊர். ஐ.டி. கட்டடமான சைபர் டவர்ஸ் திறந்ததும் ட்ரிபிள் ஐ.டி. ஆரம்பித்ததும் 1998-ல். ஐ.எஸ்.பி. பிசினஸ் ஸ்கூல் 2001-ல் வந்தது, ஐ.ஐ.டி. 2008-ல். ஆகவே உனக்கு வலது பக்கம் ட்ரிபிள் ஐ.டி. பையன், எதிரே ஐ.எஸ்.பி. முடித்த மேனேஜர். நீ தென்காசிப் பக்கத்து இன்ஜினீயரிங் காலேஜ். மீட்டிங் இங்கிலீஷில், சாப்பாட்டு மேஜை தெலுங்கில், உன் மண்டைக்குள் ஓடுவது தமிழில். ஒரு ஜோக் புரியாமல் அரை நொடி கழித்துச் சிரித்தால்கூட, ‘எனக்கு இங்கே இருக்கத் தகுதியில்லை’ என்று கணக்கில் எழுதிக்கொள்கிறாய். தெலுங்கு தெரியாததும் கோடிங் தெரியாததும் வேறு வேறு, கண்ணு. தெலுங்கு ஆறு மாதத்தில் வந்துவிடும். இன்னொன்று, உன் இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் அமீர்பேட் மைத்ரிவனம் பக்கத்தில் ஏதாவது ஒரு மாடியில் ஜாவா கோர்ஸ் படித்துவிட்டு வந்தவராக இருக்கலாம். அவர் இதையெல்லாம் யோசிப்பதாகவே தெரியாது, நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பார்.

சரி, கணக்கு எழுதுவது எப்படி? ஒரு நோட்டு போடு. வெள்ளிக்கிழமை லேப்டாப்பை மூடுவதற்கு முன் ஐந்து நிமிடம். அந்த வாரம் என்ன சிக்கல் வந்தது, நீ என்ன செய்தாய், அதனால் யாருக்கு என்ன லாபம் என்று நாலு வரி. ‘நன்றாகச் செய்தேன்’ என்றெல்லாம் எழுதாதே, நடந்ததை மட்டும் எழுது. சொதப்பியதையும் எழுது. உன் வேலையைப் பாராட்டி வரும் மெயில்களை ஆபீஸ் மெயிலிலேயே தனி ஃபோல்டரில் போட்டு வை. பர்சனல் மெயிலுக்கு ஃபார்வர்டு செய்து தொலைக்காதே, பாதி கம்பெனிகளில் அதற்கே நோட்டீஸ் வரும்.

அப்ரைசல் ஃபார்மில் இந்த நோட்டு எப்படி உதவும் என்று ஒரு உதாரணம் காட்டுகிறேன். போன முறை ஒருத்தி எழுதி அனுப்பியது: ‘பேமென்ட் மாட்யூல் மைக்ரேஷன் டீமின் ஒத்துழைப்புடன் வெற்றிகரமாக முடிக்கப்பட்டது.’ யார் முடித்தது? பேயா? திருத்திய பிறகு இப்படி வந்தது: ‘பேமென்ட் மாட்யூலைப் புது சர்வருக்கு மாற்றும் வேலையை நான் திட்டமிட்டேன். மூன்று பேர் டீமில் டெஸ்டிங் முழுவதும் என் பொறுப்பு. ரிலீஸ் அன்று ரோல்பேக் தேவைப்படவில்லை.’ இதில் ஒரு சொல்கூட ஜம்பம் இல்லை. டீமையும் விடவில்லை. மேலே ரேட்டிங் பேசும் மீட்டிங்கில் உன் மேனேஜர் வாயில் வரவேண்டிய வாக்கியங்கள் இவை. நீ கொடுக்காவிட்டால் அவரிடம் இருக்காது.

நல்லதை லக் என்றும் கெட்டதை நிஜம் என்றும் பிரிக்கும்போதெல்லாம் கிரிக்கெட் வீராங்கனை மிதாலி ராஜின் ஸ்கோரை நினைத்துக்கொள். விமானப்படையில் இருந்த அப்பா, தமிழ்க் குடும்பம், வளர்ந்தது செகந்திராபாத்தில். 1999-ல், பதினாறு வயதில், முதல் ஒருநாள் போட்டியிலேயே அயர்லாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 114. அடுத்து 2002 ஜனவரியில் லக்னோவில் முதல் டெஸ்ட்: பூஜ்யம். அதே ஆண்டு ஆகஸ்டில், இங்கிலாந்தின் டான்டன் மைதானத்தில், மூன்றாவது டெஸ்ட்டில் 214, அன்றைக்கு அது உலக சாதனை. உன் கணக்குப்படி லக்னோதான் நிஜமான மிதாலி, டான்டன் ஏதோ அதிர்ஷ்டம் என்று ஆகும்! அப்படி யாராவது எழுதினால் நீயே சண்டைக்குப் போவாய். ஸ்கோர் புத்தகத்தில் பூஜ்யமும் இருக்கிறது, 214-ம் இருக்கிறது. 2022-ல் அவர் ஓய்வு பெறும்போது 232 ஒருநாள் போட்டிகளில் 7,805 ரன். அவர் மனதுக்குள் என்ன ஓடியது என்று எனக்கெதற்கு? எழுதி வைத்த கணக்கு பேசுகிறது.

யாராவது பாராட்டினால் “ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்” என்பதை இன்றோடு நிறுத்து. பெருமை பேசாதே, கண் பட்டுவிடும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள், எனக்கும் தெரியும். வீட்டில் அது சரி. ஆபீஸில் “ஒண்ணுமில்ல” என்றால் ஒன்றுமில்லை என்றே எழுதிக்கொள்வார்கள். “தேங்க்ஸ், அந்த டேட்டா பார்ட்தான் கஷ்டமா இருந்தது” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்.

தயாரிப்புக்கு ஒரு எல்லை வை. ஐந்து ஸ்லைடுக்கு இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம்தான். முதல் தடவை கை நடுங்கும். நடுங்கட்டும்.

சந்தேகம் கேட்பதற்குத்தான் நம் பெண்கள் அதிகம் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் வேஷம் கலைந்துவிடுமாம்! அரை மணி நேரம் நீயே முயற்சி செய். முடியவில்லையா, கேட்டுவிடு: “இதை இப்படி ட்ரை பண்ணேன், இங்க நிக்குது, இந்த ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்க.” இப்படிக் கேட்பவளை எந்த சீனியரும் மக்கு என்று நினைக்கமாட்டார். இரண்டு நாள் வாயே திறக்காமல் இருந்துவிட்டு டெட்லைன் அன்று சொல்பவளைத்தான் நினைப்பார். இங்கே உன்னிடமும் கொஞ்சம் கறாராக இருக்கிறேன்: சில சமயம் நிஜமாகவே ஒரு விஷயம் தெரியாமல்தான் இருக்கும். அதற்கு இம்போஸ்டர் என்று பெயர் வைத்துப் புலம்பாதே. சனிக்கிழமை உட்கார்ந்து படி. அமீர்பேட் அங்கேதான் இருக்கிறது, மெட்ரோவும் போகிறது.

அதே சமயம் எல்லாப் பழியையும் உன் தலையில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். ருச்சிகா துல்ஷியான், ஜோடி-ஆன் பூரி என்ற இரு பெண்கள் 2021-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் இதைத்தான் கேட்டார்கள்: பெண்களைத் திருத்துவது இருக்கட்டும், அவர்களை இப்படி நினைக்க வைக்கும் ஆபீஸை யார் திருத்துவது? உன் நோட்டைப் புரட்டிப் பார். நீ சொன்ன யோசனையை ஒருவர் திரும்பச் சொல்லிப் பேர் வாங்குவதும், பேச ஆரம்பித்தாலே வெட்டுவதும் ஒரே மேனேஜரின் மீட்டிங்கில் மட்டும் நடக்கிறதா? அப்படியானால் கோளாறு உன்னிடம் இல்லை. டீம் மாற்றிக் கேள்.

கிளான்ஸும் ஐம்ஸும் கண்ட இன்னொரு விஷயம், இந்தப் பெண்கள் குழுவாக உட்கார்ந்து பேசும்போது பயம் லேசானது. அதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகனைப் பார்த்துவிட்டு, நாலு பேர் எங்காவது டிபன் சாப்பிடப் போங்கள். ஆளுக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள்: இந்த வாரம் செய்தது ஒன்று, மாட்டிக்கொண்டது ஒன்று. லிங்க்ட்இன்னில் பார்த்து நீ பொறாமைப்பட்டவள் உன் எதிரில் உட்கார்ந்து அதே புலம்பலைப் புலம்புவாள், பாரேன்.

தூக்கம் போய், சாப்பாடு போய், ஆபீஸ் லிஃப்டைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் டிபனும் நோட்டும் போதாது. 14416-க்கு போன் போடு. அரசின் டெலி மானஸ் சேவை, காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். நல்ல கவுன்சிலரைப் பார்க்கத் தயங்காதே. வீட்டில் சொல்ல வேண்டுமா என்பதை அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.

கடைசியாகப் பணம். வேறு கம்பெனி ஹெச்.ஆர். கூப்பிட்டு “எக்ஸ்பெக்டட் எவ்வளவு?” என்று கேட்டால், அந்தப் பயம்தான் முதலில் உன் வாயைத் திறக்கும், இருப்பதிலேயே சின்னத் தொகையைச் சொல்லும். அதனால் போன் வருவதற்கு முன்பே உன் அளவே அனுபவம் உள்ள இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து, ஒரு தொகையை நோட்டில் எழுதி வை. கேட்டதும் அதைப் படி. “நெகோஷியபிள்தான்” என்று நீயாக வாலைச் சேர்க்காதே. எதிர்ப்பக்கம் அமைதியாக இருந்தால் நீயும் அமைதியாக இரு. அவர் டைப் பண்ணிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.