14-ம் நாள் என்று சொன்னால் போதுமா?

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடம் படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண், "எந்த நாள்ல சேர்ந்தா குழந்தை நிக்கும் பாப்பா?" என்று கேட்டாள். இவள் 14-ம் நாள் என்றாள். அந்தப் பெண்ணுக்கு மாதவிலக்கு வருவதே 35 நாளுக்கு ஒருமுறை. அதற்குமேல் என் மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. டாக்டருக்குப் படிப்பவர்களுக்கு இதைக் கற்றுத்தர மாட்டார்களா?
– வாசகி, ஜமுனாமரத்தூர்

பதில்: கற்றுத்தருகிறோம் அம்மா, ஆனால் துண்டு துண்டாக. முதல் வருடம் உடலியங்கியலில் மாதவிடாய்ச் சுழற்சி, 28 நாள் கணக்கில். கருத்தடை முறைகள் பிந்தைய வருடங்களில். அங்கே 'இயற்கை முறைகள்' சில வரிகளில் முடிந்துவிடும். இரண்டையும் சேர்த்து ஒரு பெண்ணிடம் பேசிப் பழகும் பயிற்சி அபூர்வம். இது எங்கள் ஆசிரியர் கூட்டத்தின் குறை, உங்கள் மகளுடையதல்ல.

கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு. பின்னாலிருந்து எண்ண வேண்டும். 35 நாள் சுழற்சியில் அது 21-ம் நாளையொட்டி வரும். முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. விந்தணு 5 நாள் வரை உயிரோடிருக்கும். ஆக, 16 முதல் 21 வரை அவளுக்கு வாய்ப்புள்ள நாட்கள். சுழற்சி மாதாமாதம் முன்னேபின்னே போகுமென்றால் இந்தக் கணக்கும் தள்ளிப்போகும்.

அப்போது உடம்பே சொல்லும். அந்த நாட்களில் முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக, இழுத்தால் நூலாக நீளும் திரவம் வரும். இதையே 'வெள்ளைப்படுது, உடம்புச் சூடு' என்று பயந்து வருகிறவர்கள் நிறைய. அரிப்பு, துர்நாற்றம், தயிர் போன்ற படிவு இருந்தால் நோயாக இருக்கலாம். இந்த வித்தியாசத்தை மாணவர்கள் படிக்காமல் வெளியே வருவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஆரோக்கியமான பெண்ணுக்கும் மாத்திரை எழுதிவிடுகிறார்கள்.

குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு இதே அறிவு உதவுமா? 1950-களின் தொடக்கத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, மைசூர் மாநிலத்தின் ராமநகரத்திலும் டெல்லி லோதி காலனியிலும் நிற மணிகள் கோத்த மாலை கொடுத்து நாள் எண்ணச் சொல்லிப் பார்த்தார்கள். பலர் தொடரவில்லை. பின்னாளில் அதே நிறுவனம் பெங்களூர் உட்பட ஐந்து ஊர்களில் திரவத்தைக் கவனிக்கும் முறையைச் சோதித்தது. முதல் சுழற்சியிலேயே 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அடையாளத்தைக் கண்டுகொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதது தடையாக இருக்கவில்லை. தெரிந்துகொள்வது எளிது, அந்த நாட்களில் விலகியிருப்பதுதான் கடினம். அதற்குக் கணவன் ஒத்துழைக்க வேண்டும்.

எனவே மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது அந்தப் பெண்ணைத் தனியே உட்காரவைத்து, "வேண்டாம்னு சொன்னா வீட்டுக்காரர் கேப்பாரா?" என்று கேட்பதைத்தான். கேட்கமாட்டார் என்றால் இந்த முறை அவளுக்கு ஆகாது. அவளுக்கு வேறு கருத்தடை முறைகள் உண்டு: காப்பர்-டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். எண்களையும் மறைக்கக் கூடாது: 26 முதல் 32 நாள் சுழற்சி உள்ளவர்கள் 8 முதல் 19-ம் நாள் வரை விலகியிருக்கும் முறையில், நடைமுறையில் ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 12 பேர் கர்ப்பமாகிறார்கள். காப்பர்-டியில் ஒருவருக்கும் குறைவு.

இதைப் பாடத்தில் நுழைக்கப் புதிய பேப்பர் எதுவும் வேண்டாம். இப்போது எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதல் வருடத்திலிருந்தே கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் போய்வரும் திட்டம் இருக்கிறது. அந்த வீடுகளுக்குப் போகுமுன், 24 நாள், 35 நாள், பால்கொடுக்கும் தாய் என்று பெயரில்லாத சில மாதவிலக்கு அட்டவணைகளைக் கொடுத்து வகுப்பிலேயே படிக்கவைக்கலாம். ஆண் மாணவர்களையும் சேர்த்துத்தான். பிறகு 'ஓவுலேஷன்' என்ற சொல்லே வராமல், மலைக்கிராமத்து அக்காவுக்குப் புரியும்படி தமிழில் பேசச் சொல்லித் தேர்வு வைக்கலாம்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லுங்கள்: அந்தத் திரவம் தெரியும் நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தால் போதும். ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லை என்றால், வயது 35-ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, மருத்துவரைப் பார்க்க வேண்டும். சுழற்சி 35 நாளுக்கும் மேலே இழுத்துக்கொண்டே போனால் காத்திருக்க வேண்டாம். போகும்போது கணவரும் கூட வரட்டும். விந்துப் பரிசோதனையும் முதல் நாளே ஆகிவிடட்டும்.